டெஸ்க்டாப்பும் சி-தான்

"டெஸ்க்டாப்பும் சி-தான், அக்கா.
அதுல கெடக்கதும் போயிரும்" என்கிறான் ஜெபசிங்,
பல்லிடுக்கில் ஸ்க்ரூ ஒன்றைக் கவ்விக்கொண்டு.
ஏழு வருஷமாய் அதை மேஜை என்றே நம்பியிருந்தேன்.
எது கைக்கு வந்தாலும் அதன்மேல்தான் போடுவேன்.

சிந்துபூந்துறையில் பத்துக்கு எட்டு கடை,
பேச்சி கிராபிக்ஸ்.
வெள்ளம் வந்த அன்று
சிபியூவைத்தான் முதலில் பரணில் ஏற்றினேன்.
இறங்கி வந்து பார்த்தால்
அரிசி மூட்டை மிதந்துகொண்டிருந்தது.
இன்றைக்கு அதே சிபியூ
வெயில் காயும் ஒரு செவ்வாய்க்கிழமையில்
தானாக மூழ்குகிறது.

ஜெபசிங் இரவல் தந்த ஹார்ட் டிஸ்க்கில்
முக்கால்வாசி, அவன் சபையின் கன்வென்ஷன் வீடியோ.
காலி அறுபது ஜிபி.
என்னிடம் தொண்ணூறு.

அப்படியானால் யாரை ஏற்ற, யாரை விட?

சடங்கு பேனர்கள் போகட்டும்,
அந்தப் பிள்ளைகளுக்கு இப்போது
வளைகாப்பு பேனர் அடித்துக்கொண்டிருக்கிறேன்.
இரண்டு தேர்தலில் தோற்றவரின்
ஒரே புன்னகை, நாற்பது அளவில்,
போகட்டும்.
நியூ ஃபோல்டர், நியூ ஃபோல்டர் ரெண்டு,
ஃபைனல், ஃபைனல் ஃபைனல்,
'அண்ணாச்சி சொன்ன ஃபைனல்'
(எந்த அண்ணாச்சி?)
போகட்டும்.

கண்ணீர் அஞ்சலி மட்டும் முழுசாக வரணும்.
செத்தவர்கள்
வருஷம் திரும்பினால் மறுபடி வருவார்கள்.

காப்பி ஓடுகிறது.
பதினோரு நிமிஷம் என்றது.
நாலு மணி நேரம் என்றது.
நாற்பது நொடி என்றது.
பாபநாசம் பஸ் கண்டக்டர் இப்படித்தான்,
இந்தா எடுத்தாச்சு, ஏறுங்க ஏறுங்க என்று சொல்லிவிட்டு
டீ குடிக்கப் போவார்.

கடைசியாக ஞாபகம் வந்தது 'பாக்கி'.
ஒரே ஒரு நோட்பேட்.
எனக்கு ஊர் தரவேண்டிய அறுபத்தெட்டாயிரம் ரூபாய்,
மொத்த எடை இரண்டு கேபி.
கூட ஏற்றியதே டிஸ்க்குக்குத் தெரியவில்லை.

"அழிக்கட்டா?"
அழி.
"பொறவு என்னைச் சொல்லக் கூடாது."
அழிலே.

சாயங்காலம், புதுத் திரை.
கழுவிவிட்ட தறைபோல ஒரு நீலம்.
குப்பைத் தொட்டி மட்டும் மூலையில், அதுவும் காலி.
டிஸ்க்கைச் செருகி அஞ்சலியைத் திறந்தேன்.
படம் இருந்தது. மாலை இருந்தது. குத்துவிளக்கு இரண்டும் இருந்தன.
மேலே, கறுப்புப் பட்டையில்,

fz;zPh; mQ;ryp

பாமினியைக் காணோம்.
எல்லா ஃபைலையும் எடுத்தவள்
எழுத்துருவை எடுக்கவில்லை.
"ஃபான்ட்டும் சி-தானாலே?"
"ஆமா. நீங்க கேக்கலையே."

நெட்டில் கெடக்கும், அஞ்சு நிமிஷம் என்று
போனைத் தூக்கிக்கொண்டு சிக்னல் தேடி வாசலுக்குப் போனான்.
கண்டக்டர் நிமிஷம்.

பாக்கியைத் திறந்தேன்.
ஊர்ப்பெயர் எல்லாம் புழு நெளிந்த மாதிரி.
எண்கள் மட்டும் கலங்காமல் நின்றன.
மூன்றாம் வரி:

nry;yg;gh 1850

கண்ணால் ஆகவில்லை.
கையை மேஜைக் கண்ணாடிமேல் வைத்தேன்.
இது நிஜ மேஜை.
விரல்கள் பாட்டுக்குப் போயின.
சுண்டுவிரல் இரண்டு முறை புள்ளி வைத்தது.
செல்லப்பா.
கிரையப் பத்திரம், மூன்று நகல்,
நாளைக்குத் தாரேன் தாயி என்று போனவர்.
அடுத்த வேலை அவருக்கே, நாலுக்கு மூன்று ஃபிளெக்ஸ்.
அதற்கு மகன் கையோடு காசு கொடுத்துவிட்டார்.

அடுத்த வரியும் விரல் சொன்னது.
அதற்கடுத்ததும்.
முப்பத்தோரு பேர், ஒருத்தரும் தப்பவில்லை.

வாசலில் பைக் நின்றது.
செல்லப்பாவின் மகன்தான்,
ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல்.
"வார பன்னெண்டாம் தேதி வருஷம் திரும்புது.
அப்பா படம் இருக்காக்கா,
இல்ல வேற கொண்டாரணுமா?"

நோட்பேடை மூடினேன்.
படம் இருக்கு, உக்காருங்க என்றேன்.
எழுத்துதான் வந்துக்கிட்டு இருக்கு.