ஒரு கோட் பாக்கி

சத்துவாச்சாரியில், பெரிய ரோட்டுக்குப் பின்னால்
தோல் மூட்டை அடுக்கின பழைய குடோன்.
வெயில் ஏறினால் இன்னும் அந்த வாடை எழும்பும்.
உள்ளே முப்பது அடிக்கு ஒரு பொய் மலை:
ஒட்டுப்பலகை, திருகாணி, கலர் கலராய்ப் பிடிகள்.
ஊரைச் சுற்றி நிஜ மலை இவ்வளவு கிடக்க
காசு கொடுத்து இதில் ஏறுகிறார்கள்.

‘எல்லாரும் ஏறலாம்’ என்று வாசலில் எழுதியிருந்தது.
வாசலுக்கு மூன்று படி.

சக்கர நாற்காலியில் கீழேயே நின்று
எழுத்தைப் பார்த்தேன். ‘ஏ’வின் வால் கோணல்.
பெயின்டர் கண், போகாது.

ஓனர் யோகேஷ் ஓடிவந்தான், சின்னப் பையன்.
“தூக்கிக்கினு போயிடலாம்ணே, நாலு பேர் இருக்கோம்.”
இந்தக் குடோனில் தூக்கியதெல்லாம் மூட்டை.
வேண்டாம் என்று திரும்பிவிட்டேன்.

இருபத்திரண்டு நாள் கழித்து ஃபோன்.
மூன்று படிக்கு ஒன்றரை அடி உயரமாம்,
சாய்வுக்குப் பதினெட்டு அடி வேண்டுமாம்,
கொத்தனார் கணக்குப் போட்டுத் திட்டினாராம்,
வண்டி நிறுத்துகிற இடமே போயிற்றாம்.
“கக்கூஸ் கதவையும் இடிச்சி அகலம் பண்ணிட்டேண்ணே.”
அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் போனேன்.

கயிறு எனக்குப் புதிதில்லை.
காட்பாடியில் நாலாவது மாடி வெளிச்சுவர்,
தொங்கு பலகையில் உட்கார்ந்து
பாலேட்டு நிறத்தில் இரண்டாம் கோட் அடித்துக்கொண்டிருந்தேன்.
முடிச்சு நான் போட்டதில்லை.
அதைப் பற்றி அவ்வளவுதான்.

பாகாயத்தில் எனக்கு மறுபடி
உட்காரப் பழக்கின ஜெமிமா
முடிச்சைப் போட்டு என்னிடமே நீட்டினாள்.
“நீங்களே இழுத்துப் பாருங்க.”
இழுத்தேன். அவிழ்த்துப் போட்டேன். நானே கட்டினேன்.
மறுபடி இழுத்தேன்.
அவள் ஃபோனைக்கூடப் பார்க்காமல் நின்றாள்.

என் முறை வரும்வரை
மேல்விஷாரத்து முபீனாவுக்குக் கீழிருந்து நான்தான் கண்.
முதல் நாள், “மஞ்சப் பிடி, அப்புறம் கிளிப்பச்சை” என்றேன்.
பாதிச் சுவரில் தொங்கிக்கொண்டு சிரித்தாள்.
“கலரை வெச்சிக்கினு நான் இன்னா பண்றது பாய்?
மணி சொல்லு.”

பன்னிரண்டு என்றால் தலைக்கு நேர்.
மூன்று என்றால் வலத்தோள்.
ரெண்டு மணி, ஒரு முழம், மேல்பக்கம் வழுக்கும்.
பத்து மணி, குழி இருக்கு, மூணு விரல் போகும்.
இருபது வருஷம் நிறத்தில் பிழைத்த வாய்.
ஒருநாள் ரெண்டுக்குப் பதில் பத்து என்றுவிட்டேன்.
வெறும் பலகையைத் தடவித் தடவி நின்றவள்
இறங்கினதும் உருதுவில் திட்டினாள்.
புரியவில்லை, நல்லவேளை.

வியாழக்கிழமை எனக்கு.
கப்பி பூட்டின கயிறு, இரண்டு கையாலும் பிடிக்க ஒரு கம்பி.
மூன்று அடி இழுத்தால் ஓரடி உயர்வேன்.
இழு, நிறுத்து, மூச்சு. இழு.
கால் இரண்டும் கூடவே வந்தன,
பேச்சுக்கு வராத விருந்தாளி மாதிரி.
தோள் எரிவது தெரிந்தது.
தொடையில் பட்டை அழுத்துவது தெரியாது.
தெரியாததற்குத்தான் பயம்.
ராத்திரி அம்சவேணி கண்ணாடி பிடித்துக் காட்டுவாள்,
சிவந்திருந்தால் ஒரு வாரம் சும்மா கிட.

பதினோராவது அடியில் கை நின்றுவிட்டது.
கீழே கைதட்டினார்கள்.
அது எனக்கு எரிச்சல்.
முகத்தைத் திருப்பினேன்.

பொய் மலை முடிகிற ஓரத்தில்
குடோனின் நிஜச் சுவர்.
ரோலர் ஓடின வரி அப்படியே தெரிகிறது,
மூலையில் பிரஷ்ஷே படவில்லை.

“யோகேஷ்! யார்ரா இத அடிச்சது?
ஒரே கோட்டு!”

கீழிருந்து முபீனா:
“மணி சொல்லு பாய், மணி!”

“ஒம்பது. கைக்கு எட்டுது.”

எட்டியது. தொட்டேன்.
மாவு மாதிரி விரலில் ஒட்டியது.
பிரஷ்ஷும் ஒரு லிட்டர் டப்பாவும் கட்டி மேலே அனுப்ப
இன்னொரு கயிறு இருக்கா என்று கேட்டேன்.