குந்தியிருப்பான்

மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டை, மூன்றாம் ஷெட்.
இங்கே சாமிகளுக்கு எடை போடுகிறோம்.
எடை என்றால் கிலோ மட்டுமில்லை.
நீளம் அகலம் உயரம் பெருக்கி
ஐயாயிரத்தால் வகுத்தால் வருவதும் எடைதான்.
உள்ளே ஒன்றுமில்லாத ஃபைபர் புத்தருக்கு
அந்த ஒன்றுமில்லாததற்கும் சேர்த்து
விமானக் கம்பெனிக்குக் காசு கட்டுகிறார் முதலாளி.

நடராசருக்கு நெருப்பு தனிப்பெட்டி.
திருவாசியைக் கழற்றிப் பழைய பேப்பர் சுற்றி
சுடர் சுடராக எண்ணி எழுத வேண்டும்.
இருபத்தேழு.
ஒன்று வளைந்தாலும் சம்பளத்தில் பிடிப்பு.
கறுப்பு மீனும் வெள்ளை மீனும்
ஒன்றின் வாலை ஒன்று துரத்தும் தட்டு
டஜன் டஜனாகப் போகும்.
அதற்கு மட்டும்
'இந்தப் பக்கம் மேலே' ஒட்டுவதில்லை.

அதிகம் போவது தலைகள்தான்.
உடம்பில்லாத புத்தர் தலை,
சாம்பல், செம்பு, பாசி படிந்த மாதிரிப் பச்சை,
கழுத்தோடு நறுக்கி அடியில் வெல்வெட் ஒட்டி
பெட்டிக்கு ஆறு.
"குளிக்கிற ரூம்ல வைப்பாங்களாம்" என்பாள் செலஸ்தீனா.
பட்டியலில் அதன் பெயர்:
அமைதி, பெரிது, பச்சை.

நான் முதலில் சுற்றுவது காதுகளை.
கனமாய் எதையோ போட்டிருந்து
கழற்றி வைத்துவிட்டு நடந்தவனின் காது,
தோள்வரை தொங்கும்.
என் தோடு அடகுக்கடையில் மூன்று வருஷமாய்.
ஓட்டை மட்டும் என்னிடம்.

ஐப்பசியில் ஒரு தலைக்கு மூக்கு உடைந்தது.
"வேணும்னா எடுத்துட்டுப் போ" என்றார் சூப்பர்வைசர்.
பாகூர் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டேன்.
கண்டக்டர் பார்த்தார், லக்கேஜ் போடவில்லை.
பக்கத்தில் இருந்தவள் சுருள்முடியை
விரலால் எண்ணிக்கொண்டே வந்து
கிருமாம்பாக்கத்தில் தூங்கிப்போனாள்.

எங்கள் வாய்க்கால் மேட்டில் ஒருவன் இருக்கிறான்.
கல். சம்மணம். மடியில் கைமேல் கை.
தலை இல்லை.
எப்போது போனது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை.
நிற்கிற சாமி உண்டு, ஆடுகிற சாமி உண்டு,
பாம்பின்மேல் படுத்த சாமி உண்டு.
இது சும்மா உட்கார்ந்திருக்கிறது,
ஆகவே குந்தியிருப்பான்.
ஆடியில் கூழ். மாடு காணாவிட்டால் சூடம்.
ஒருதரம் கோழி அறுத்தார்கள்.
அவன் ஒன்றும் சொல்லவில்லை,
சொல்ல வாய் இல்லை.

மழை விட்டிருந்தது.
தலையைத் தூக்கிக் கழுத்தில் வைத்துப் பார்த்தேன்.
பூசணிமேல் எலுமிச்சம்பழம்.
எனக்கே சிரிப்பு வந்து எடுத்துவிட்டேன்.

அப்போதுதான் பார்த்தேன்,
கழுத்துக் குழியில் தண்ணீர்.
எட்டிப் பார்த்தால் வானம் தெரியும் என்று நினைத்தேன்.
கொசுப்புழு.
நெளிந்து நெளிந்து மேலே வந்து
மூச்சுக்குத் தலைகீழாய்த் தொங்கின.
எதிர்வீட்டு இருசப்பன் மகள்
டெங்குவில் ஜிப்மருக்குப் போய் ஒரு வாரம்.
தலைப்பெட்டிக்குள் நாங்கள் போடும் சீட்டு
ஞாபகம் வந்தது. ஐந்து வரி.
முதல் வரி, உயிரைக் கொல்லாதே.

நின்றேன்.
மோட்டார் கொட்டகைப் பக்கமிருந்து யாரோ கூப்பிட்டார்கள்,
ஏன் என்று கேட்கவில்லை.

பிறகு முந்தானையைத் திரித்துக் குழிக்குள் விட்டு
ஒற்றி ஒற்றி எடுத்து
வாய்க்காலில் பிழிந்தேன்.
கெண்டை தின்னட்டும், இல்லை பிழைக்கட்டும் என்று
சொல்லிக்கொண்டேன். யாருக்குச் சொன்னேனோ.
ஷெட்டில் எல்லாவற்றுக்கும் ஒரு கட்டம் இருக்கிறது.
இதை எந்தக் கட்டத்தில் எழுத?

தலை இப்போது ஃபிரிட்ஜ்மேல் இருக்கிறது.
பையன் ஹெல்மெட்டை அதற்கு மாட்டுகிறான்.
உச்சிக்கொண்டை கொஞ்சம் இடிக்கிறது,
இருந்தாலும் நிற்கிறது.
கண்ணாடிக்குப் பின்னால் பாதி மூடிய கண்.

மழை இன்னும் முடியவில்லை.
ஞாயிற்றுக்கிழமைகளில் பழந்துணி ஒன்றோடு
வாய்க்கால் மேட்டுக்குப் போகிறேன்.
பக்தி வந்துவிட்டது என்கிறார்கள்.
துடைக்கத்தான் போகிறேன்.