டிக்கெட் இல்லாத வயசு

கார்த்திகை பிறந்து ஒன்பதாம் நாள்
மழை விட்டிருந்தது.
வாரத்தில் ஆறு நாள் அந்த மலையை
ஏறி இறங்குகிற மனுஷனிடம்
லீவு நாளில் எங்கே போகலாம் என்றேன்.
ஏற்காட்டுக்கே போகலாம் என்றார்.

சிரித்துவிட்டேன்.
சேலத்தில் வேறு இடமா இல்லை?
குரும்பப்பட்டியில் மான் பார்க்கலாம்,
பூங்காவில் பையனை ஊஞ்சலில் விடலாம்.
"இல்ல, ஒரு தடவையாவது
உக்காந்துக்கிட்டுப் போகணும்."

ஏழேகால் வண்டி.
ஜன்னலோரம் அவர், நடுவில் இளம்பரிதி,
ஓரத்தில் நானும் சாப்பாட்டுக் கூடையும்.
தணிகாசலம் அண்ணன்
முன்னாலிருந்து கிழித்துக்கொண்டே வந்தார்.
"உனக்கென்னய்யா டிக்கெட்டு" என்று இவரைத் தாண்டினார்.
எனக்கு ஒன்று தந்தார்.
இளம்பரிதி நீட்டிய கை
நீட்டியபடியே இருந்தது.
நாலு வயசுக்கு டிக்கெட் கிடையாது, சாமி.

அடிவாரம் வருமுன்பே அழுகை.
எல்லாருக்கும் இருக்கு, எனக்கு மட்டும் இல்ல,
அப்ப நான் இந்த பஸ்ல வரலியா?
பின் சீட்டில் பலாப்பழ வியாபாரி ஒருவர்
அதானே, என்றார்.

முதல் கொண்டை ஊசி வளைவில்
இவர் எழுந்து நின்றுவிட்டார்.
காக்கி வீட்டில் கொடியில் காய்கிறது,
கை மட்டும் கழுத்தருகே விசிலைத் தேடுகிறது.
சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன்.
ஐந்தாவதில் மறுபடி எழுந்தார்.
அதற்குள் பையன் அழுகையை மறந்து
பலகைகளை எண்ண ஆரம்பித்திருந்தான்.
பதினாலு, பதினஞ்சு, பதினேழு.
அவனிடம் பதினாறு எப்போதுமே இருந்ததில்லை.
"இதோ பாரு, இதான் பதினாறு"
என்று அப்பா விரல் நீட்டிய நேரம்
மதில்மேல் ஒரு குரங்கு
குட்டிக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தது.

மேலே குளிர்.
வேலிக்கு அந்தப் பக்கம் காப்பிப் பழங்கள்
சிவப்பாய், பறிக்க ஆள் வராமல்.
சில்வர் ஓக் இலைகள் ரோடெல்லாம் கிடந்தன,
ஒரு பக்கம் பழுப்பு, ஒரு பக்கம் வெள்ளி.
இளம்பரிதி இரண்டு கை நிறையப் பொறுக்கினான்.
"எங்க போறீங்க? எங்க போறீங்க?"
சோளக்கதிர் சுடுகிற அக்காவுக்கு ஒன்று.
படகுத்துறையில் நடுங்குகிற நாய்க்கு
அரை டிக்கெட், பாதியாய்க் கிழித்து.
ஏரியைத் தாண்டி மூட்டம் வந்து
படகுகளை ஒவ்வொன்றாய் எடுத்துக்கொண்டபோது
அதற்கும் ஒன்றை நீட்டிக்கொண்டு
வெகுநேரம் நின்றான். பிறகு சத்தம்போட்டான்:
"சில்லறை வெச்சுக்கிட்டு ஏறணும்,
எத்தன தடவ சொல்றது!"

எனக்குத் தெரிந்த குரல்.
அவன் எழுமுன் போய்
தூங்கியபின் வருகிறவர்
இதை எப்போது கொடுத்தார் அவனுக்கு?
"நான் இப்படியா எரிஞ்சு விழறேன்" என்றார்.
நான் தட்டுவடை செட்டில்
கவனமாக இருந்தேன்.
தேங்காய்ச் சட்னி கொஞ்சம் புளித்திருந்தது.

ஐந்து மணி வண்டியில் இறங்கினோம்.
எண்களும் கூடவே இறங்கின.
ஏறுமுகமாய் மட்டுமே எண்ணத் தெரிந்தவன்
இரண்டு பலகை பார்த்துவிட்டு
மோசடி என்பதுபோல் வாயை மூடிக்கொண்டான்.

இவர் தூங்கிப்போயிருந்தார்.
கண்ணாடியில் கன்னம் அழுந்தி, வாய் லேசாய்த் திறந்து,
ஒவ்வொரு திருப்பத்திலும்
தலை சரியான பக்கம் சாய்ந்தது.
தணிகாசலம் அண்ணன்
விசிலை மெதுவாக ஊதினார்.
அப்படியும் ஊத முடியும் என்று
எனக்குத் தெரியாது.

மூட்டம் ஒரு வளைவில் சட்டென்று விட்டது.
கீழே சேலம் முழுக்க விளக்கு.
அதில் எது நம்ம வீடு என்று கேட்பான்,
எதையாவது காட்டலாம் என்றிருந்தேன்.
அவன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.
கையில் கடைசி இலை.
அப்பாவின் தோளைத் தொட்டான், எழவில்லை.

"இவரு எங்க இறங்கணும்?"

பஸ் ஸ்டாண்டு, என்றேன்.

"அப்ப நேரமிருக்கு"
என்று இலையை நாலாய் மடித்து
அவர் பையில் வைத்துவிட்டு
அடுத்த சீட்டுக்குப் போனான்,
கம்பியைப் பிடிக்காமல்.