இருபது டெசிபெல்

சேன் பியேரில்,
ரொட்டிக் கடைக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் நடுவே
காது மெஷின் விற்கிறோம்.
கண்ணாடிக் கூண்டுக்குள் மிஸ்யே வீராபத்ரேன்.
வெளியே நான்.
எனக்குப் பின்னால், கைப்பையை மடியில் இறுக்கியபடி
அவர் மனைவி, மதாம் ஒதெத்.

சத்தம் வந்தால் பட்டனை அழுத்தச் சொன்னேன்.
அழுத்தினார்.
இருபது டெசிபெல். அழுத்தினார்.
கொசு முனகும் அளவுக்கு இறக்கினேன்,
அதற்கும் அழுத்தினார்.
திரையில் கோடு
மேல் விளிம்பை ஒட்டிப் படுத்துக்கிடந்தது
உண்ட பூனைபோல.

"கோளாறே இல்லையா?"
"இல்லை மதாம். அறுபத்து மூன்று வயதுக்கு அதிசயக் காது."
நல்ல செய்தி சொல்லி
ஒரு முகத்தை இப்படி வாட வைத்ததில்லை நான்.
"செவிடு என்றால் மன்னித்திருப்பேன்" என்றார்.
பிறகு கிரியோலில், தரையைப் பார்த்து:
"லி ஆந்தான், மே லி எகூத் பா."

காரைக்காலில் பிரெஞ்சு படித்தபோது
இந்த இரண்டில்தான் நாலு மார்க் போனது எனக்கு.
ஆந்தாந்த்ர், எகூத்தே.
ஒன்று தானாய் வந்து காதில் விழுவது,
மற்றது நாமே காதைக் கொண்டுபோய் வைப்பது.
தமிழில் எல்லாம் ஒரே கேட்டல்தானே,
பரங்கிக்கு எதற்கு இரண்டு என்று
சலித்துக்கொண்டேன் அன்று.

இரண்டுதான் நமக்கும்.
ஒரு 'கு'வுக்குள் ஒளிந்திருக்கிறது மற்றொன்று.
எனக்குக் கேட்கிறது:
தகரத்தில் மழை, அடுத்த வீட்டு டிவி,
மூன்று மணிக்கே கூவும் யாரோ ஒருவரின் சேவல்.
நான் எதுவும் செய்யவில்லை. கதவு திறந்திருந்தது, அவ்வளவுதான்.
நான் கேட்கிறேன்:
இதற்கு ஆள் வேண்டும்.
மதாமின் வாக்கியத்தைத் தமிழில் போட்டால்
அவருக்குக் கேட்கிறது, அவர் கேட்பதில்லை.
எழுத்து மாறவில்லை, ஆள்தான் இடம் மாறிவிட்டார்.

"கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று
ஆறு தடவை சொன்னேன்.
ஆறு தடவையும் வூய், வூய்.
லைசென்ஸ் தபாலில் வந்தது. உறையைப் பிரித்தது அவர்தான்.
'யாருடையது இது?' என்றார்."

அப்போதுதான் பார்த்தேன்,
கூண்டுக்குள் போகும் மைக்கை நான் அணைக்கவில்லை.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
பட்டன்மேல் கட்டைவிரல்.
அழுத்தவில்லை.

சான்றிதழ் கேட்டார் மதாம்.
"கேட்கிறது என்று எழுதி முத்திரை போடு,
ஃப்ரிட்ஜில் ஒட்ட வேண்டும்."
பெயரை எழுத்துக் கூட்டி எழுதினேன். வீராபத்ரேன்.
கப்பலிலிருந்து இறங்கிய யாரோ
வீரபத்திரன் என்றிருப்பார்.
மேசைக்குப் பின்னால் இருந்தவருக்குக் கேட்டது,
அவர் கேட்கவில்லை.
அந்த மதியம் என்ன அவசரமோ அவருக்கு,
அது இன்றும் வங்கிப் புத்தகத்தில் இருக்கிறது.

பரிசோதனை இலவசம் என்றேன்.
மிஸ்யே தொப்பியை எடுத்துக்கொண்டார், எதுவும் பேசவில்லை.
கடைக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தேன்.
பழக்கத்தில் இடப்பக்கக் கதவருகே போய்
கைப்பிடியைத் தொட்டார்,
நின்றார்,
பிறகு காரைச் சுற்றிக்கொண்டு
மறுபக்கம் போனார்.