கழித்தல் நாற்பத்தாறு

யாகுட்ஸ்க்குக்கு வடக்கே, ஏரி உறைந்து ஆறு வாரம்.
பனியின் தடிமனை எர்ச்சிமென்
விரல்களால் காட்டுகிறான். மே மாதத்திலிருந்து
என்னிடம் பேசுவதில்லை.
ஆனாலும் இரண்டு வீட்டுக்கும் குடிநீர் வேண்டும்;
இருப்பது ஒரு வண்டி, ஒரு ரம்பம்.

அறுத்த கட்டி மிதக்கிறது.
கைநீட்டும் தூரத்தில் ஒன்றையொன்று பிடித்து
நடுவே வெறுமை விட்டு நிற்கிறது நீர்.
அந்த இடைவெளிதான் அதைத் தூக்குகிறது.

தேநீருக்கு அடுப்பைத் திருகினேன். சீறவில்லை.
குலுக்கினால் உள்ளே சளக் சளக்.
கோடையில் திறந்த மாத்திரத்தில் ஓடிவிடும் புரொப்பேன்:
ஒட்டுறவென்று அதற்குப் பெரிதாக ஏதுமில்லை,
உரசிப்போகையில் ஒரு கணச் சாய்வு, அவ்வளவே.
பாதரசமே கல்லாகிவிட்ட இந்தக் குளிரில்
அதுவும் போதுமாயிருக்கிறது
சேர்ந்து கிடக்க.

நாள் முழுதும் அணைக்காத எஞ்சின்.
இருக்கையில் அவன், நான், நடுவே உருளை.
குழந்தை மாதிரி
என்று சொல்ல வந்து நிறுத்திக்கொண்டேன்.

கடைசியில் நீலமாய்ப் பற்றியது.
உருகி, முனகி, கொதிக்கிறது ஏரியின் ஒரு துண்டு.
கொதிக்கையில் பிரிவதெல்லாம் அக்கம்பக்கம்தான்;
ஆவியாய்ப் போனாலும்
ஆக்சிஜன் தன் இரு ஹைட்ரஜனைக் கைவிடுவதில்லை.
எங்களுக்கு நேர்மாறு:
வீடு உடைந்தது,
அக்கம்பக்கம் மிஞ்சியது.

“சர்க்கரை?” என்றான்.
ஆறு மாதத்தில் முதல் சொல்.
நான் போட்டுக்கொள்வதில்லை என்று
அவனுக்குத் தெரியும்.