ஒரு பூட்ஸ்

இந்தப் பள்ளத்தை வடிக்க
ஐம்பத்தெட்டில் என் மாமனாருக்குக் காசோலை வந்தது.
மறுபடி நிரப்ப, இப்போது எனக்கு.
அனுப்பும் ஊர் மாறவில்லை.

வடக்கு டகோட்டாவில் பிப்ரவரி.
சமையல் மேசையில் படிவம், ஓரத்தில் காபிக் கறை.
'எதிர்பார்க்கும் பறவைகள், ஜோடிக் கணக்கில்?'
பதினான்கு என்று எழுதி, அடித்து,
ஒன்பது என்றேன்.
வாத்துக்கு நான் ஜாமீன் நிற்க முடியுமா?

அரசு பாதி, நாங்கள் பாதி.
எங்கள் பாதிக்கு ஆர்வின்
பெரிய டிராக்டரை விற்றான்.
இரண்டு நாள் பேசவில்லை.

வடிகுழாயை உடைத்த மூன்றாம் வாரம்
ஆய்வுக்கு வந்த டுவெய்ன்
முழங்கால்வரை சேற்றில் இறங்கி
ஒற்றைக் காலுறையோடு ஏறினார்.
இரண்டாம் தவணை இன்னும் வரவில்லை.

பூட்ஸைத் தேடிப் போனேன்.
அதற்குச் சற்று மேலே,
போன வருஷத்துக் கோதுமைத் தாளுக்குள்
ஊசிவால் வாத்தின் ஆறு முட்டைகள்,
தொட்டால் சூடு இருக்கும்போல.

சத்தமில்லாமல் திரும்பினேன்.
பூட்ஸ், ஒன்று:
செலவுக் கணக்கில்
எங்கள் பாதியில் எழுதிக்கொண்டேன்.