அறுபது ரிங்கிட் கூடுதல்

பகாவ் பெரிய சாலையில்
ஆ சியோங் கடைக் கண்ணாடிக்குள்
இரண்டு கோப்பி மிஷின்கள்.
ஒன்றுக்கு அடியில் சூட்டுத்தட்டு,
எழுபத்தொன்பது ரிங்கிட்.
மற்றதற்குத் தட்டே இல்லை;
எஃகுக் குடுவை, இரட்டைச் சுவர்,
அறுபது ரிங்கிட் கூடுதல்.

"தட்டு சுட்டுக்கிட்டே இருக்கும், தங்கச்சி.
குடுவை சும்மா பிடிச்சி வெச்சிருக்கும்"
என்றான் ஆ சியோங்,
எஸ்டேட் பிள்ளைகளோடு
பந்தாடிக் கற்ற தமிழில்.

எனக்குக் கணக்கு வேறு.
ஐந்தே காலுக்கு
கையுறை ஆலை பஸ்ஸில் நான்.
ஏழு மணிக்கு
செம்பனை ஆலை இரவு ஷிப்டு முடித்து
குப்புராஜ் வருவார்,
சட்டை நிறைய எண்ணெய் வாடையோடு.
நடுவில் ஒன்றே முக்கால் மணி நேரம்
வீட்டில் விழித்திருப்பது
கோப்பி மட்டும்.

குடுவையையே வாங்கினேன்.
முதலில் வெந்நீர் ஊற்றி அலசி,
பிறகு கோப்பி,
பிறகு மூடியை ஒரு திருகு,
நம்பாமல் இன்னொரு திருகு.

ஒரு வாரம் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

ஞாயிறு, எனக்கு லீவு.
படுத்தபடியே கேட்டேன்
மோட்டார் வந்து நிற்கும் சத்தம்,
மூடி திறக்கும் சத்தம்,
அப்புறம்
அடுப்பு பற்றும் சத்தம்.

எழுந்து போய்ப் பார்த்தால்
ஆவி பறக்கும் கோப்பியைச்
சட்டியில் ஊற்றிக்
கருக விட்டுக்கொண்டிருக்கிறார்.

"பதினாறு வருஷமா
பழைய மிஷின்ல தீஞ்சதுதான் குடிச்சேன்.
இது நல்லாத்தான் இருக்கு.
ஆனா
நீ போட்ட மாதிரி இல்ல."

அறுபது ரிங்கிட், என்றேன்.
எனக்கும் கொஞ்சம் ஊத்துங்க, என்றேன்.